0.20 என்று மட்டும் எழுதி ஒரு கூடை வாங்கிய கதை

பேப்பர் மில்லில் கூழைச் சலிக்கிற உருளைக் கூடைக்கான ஆர்டர் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. நான் நிரப்பியது மூன்று: கூடையின் விட்டம், உயரம், ஸ்லாட் (கூழ் கடக்கும் இடுக்கு) அகலம் 0.20 மி.மீ. மீதி பதினொன்றிலும் 'உங்கள் ஸ்டாண்டர்டுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு சொல்லால் எங்கள் மில் பத்தொன்பது நாள் முக்கால் வேகத்தில் ஓடியது. என் ஒரு வருடச் சம்பளத்தைவிட விலை கூடிய கூடை ஒன்று ஸ்டோரில் கிடக்கிறது. நான் நான்கு கிலோ இளைத்தேன். இப்படி ஒரு வேலை தலையில் விழுந்து, கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய பேப்பரையும் அட்டைப்பெட்டிகளையும் கரைத்துக் கூழாக்கி மறுபடி பேப்பர் ஓட்டுகிற மில். கூழில் பிளாஸ்டிக் துணுக்கு, பசை உருண்டை, மணல், கரையாத அட்டைச் சில்லு எல்லாம் வரும். அவற்றைப் பிடிப்பது பிரஷர் ஸ்கிரீன். மூடிய தொட்டிக்குள் ஒரு உருளைக் கூடை, கூடைக்குள் சுழலும் ரோட்டார். நல்ல நார் ஸ்லாட் வழியே வெளியே போகும், குப்பை உள்ளேயே தங்கி ரிஜெக்ட் குழாயில் இறங்கும். ரோட்டாரின் ஃபாயில் (இறக்கை மாதிரித் தகடு) ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஸ்லாட்டைப் பின்னோக்கி ஒரு இழு இழுக்கும். அந்த இழுப்பில்தான் அடைத்துக்கொண்டிருக்கும் நார் விலகி வழி திறக்கும். ஊசியிலை மரத்து நார் சுமார் 3 மி.மீ. நீளம், இலை மரத்து நார் சுமார் 1 மி.மீ. இவ்வளவு நீளமான நார் 0.20 மி.மீ. இடுக்கில் எப்படிப் போகிறது என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவே இல்லை. நாரின் தடிமன் அதில் நாலில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அது தலையை நுழைத்து வளைந்து போய்விடுகிறது. குப்பைக்கு அப்படி வளையத் தெரியாது என்கிற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

பேப்பரில் கரும்புள்ளி அதிகமாகிறது, பசைத்திட்டு வருகிறது என்று புகார் வந்தபோது கூடை தேய்ந்துவிட்டது என்பது தெரிந்துபோயிற்று. இருபது வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்றுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. டிராயிங் கிடைக்கவில்லை. பர்ச்சேஸிலிருந்து தினமும் போன். பழைய சப்ளையர் சொன்ன காலத்தில் பாதியில் தருவதாகப் புதியவர் ஒருவர் சொன்னார். நான் ஃபீலர் கேஜை (இடுக்கில் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்துக்கொண்டு போய், கூடையின் மேல் ஓரத்தில் கைக்கு எட்டிய நாலைந்து ஸ்லாட்டில் விட்டுப் பார்த்தேன். 0.20 தகடு இதமாக நுழைந்தது. எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த கூடையை அளக்கிறீர்கள் என்றால் ஓரத்தில் அளக்காதீர்கள். பின்னாளில் நிதானமாக இருபத்துநான்கு இடத்தில் அளந்தபோது, நடுவிலும் ரிஜெக்ட் பக்கத்திலும் 0.27 வரை விரிந்திருந்தது. எங்கள் கூடை வெட்ஜ் வயர் ரகம், அதாவது கம்பிகளை இடுக்கு விட்டு அடுக்கிச் செய்தது. அந்தக் கம்பியின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவம். அகலமான முகம் கூழைப் பார்த்து நிற்கும், இடுக்கு உள்ளே போகப்போக விரியும். முகம் தேயத் தேய இடுக்கின் வாய் அகலமாகிக்கொண்டே வரும். ரிஜெக்ட் பக்கம் கூழ் கெட்டியாகி, மணலும் சேர்ந்து உரசுவதால் அங்கே தேய்மானம் கூடுதல். ஆக, எங்கள் மில் பல மாதமாக 0.27-இல் ஓடிக்கொண்டிருந்தது. பைப், பம்ப், வால்வ், ஆபரேட்டர் எல்லாரும் அதற்குப் பழகியிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் அது தெரியாது.

புதுக்கூடை பளபளவென்று வந்தது. மாலை ஷிப்டில் மாட்டினோம். ஓட ஆரம்பித்து நாற்பது நிமிடம். உள்ளே வெளியே பிரஷர் வித்தியாசம் வழக்கமாக 0.2 பாரில் நிற்கும், அது 0.3, 0.5 என்று ஏறி 0.8-இல் இன்டர்லாக் (தானாக நிறுத்தும் பாதுகாப்பு) விழுந்து எல்லாம் நின்றது. மூடியைத் திறந்தால் கூடைக்குள் கூழ் அட்டை மாதிரி இறுகி ஒட்டியிருந்தது. பதற்றத்தில் ஒரு கம்பியை எடுத்துக் குத்தப் போனேன். மூத்த ஃபிட்டர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இரும்பை வச்சுக் குத்தாதீங்க. கூடைக் கம்பியோட ஓரம் மழுங்கிச்சுன்னா உங்க 0.20 எல்லாம் காத்தோட போயிரும். மரக்கட்டைய எடுங்க, தண்ணிய அடிங்க." இரண்டு மணி நேரம் சுரண்டினோம். மறுபடி ஓட்டினோம். ஐம்பது நிமிடம். மறுபடி. மூன்றாவது முறை நின்றபோது அதிகாலை நாலரை. நான் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன் என்பதை எழுத இப்போது வெட்கமில்லை.

அடுத்த சில நாட்களில் நான் செய்ததெல்லாம் செய்யக்கூடாதவற்றின் பட்டியல். ரோட்டார் வேகத்தைக் கூட்டினால் இழுப்பு கூடும், அடைப்பு விலகும் என்று பத்து சதவீதம் ஏற்றினேன். ரோட்டார் தின்னும் பவர் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் மடிக்குப் போகும்; 1.1-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.33. மோட்டார் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்கு எகிறி ஓவர்லோடில் விழுந்தது. ரிஜெக்ட் வால்வைத் திறந்துவிட்டேன். ஸ்கிரீன் ஓடியது, ஆனால் நல்ல நார் வாளி வாளியாகக் குப்பையோடு போனது. தண்ணீர் கலந்து கூழை இளக்கினேன். அடைப்பு குறைந்தது, ஆனால் அதே டன்னைக் கொடுக்க அவ்வளவு கூடுதல் நீரையும் அதே ஸ்லாட் வழியே தள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் உற்பத்தியை முக்கால் பங்காகக் குறைத்து, தண்ணீர் கலப்பதையும் ரிஜெக்டையும் நடுவாந்திரமாக வைத்து ஒருவாறு ஓட்டினோம். இவ்வளவுக்கும் பிறகு பேப்பரில் பசைத்திட்டு குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. அதுதான் என்னை ரொம்பக் குழப்பியது. சின்ன ஓட்டை போட்டால் பேப்பர் சுத்தமாக வேண்டாமா?

பத்தாவது நாள் ராத்திரி கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்ஜ் வயரில் திறந்த பரப்பு கண்டுபிடிப்பது சின்னக் கணக்கு: ஸ்லாட் அகலத்தை, ஸ்லாட்டும் கம்பி அகலமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பழைய கூடையில் கம்பி 2.3 மி.மீ. தேய்ந்த இடத்தில் 0.27-ஐ 2.57-ஆல் வகுத்தால் 10.5 சதவீதம். புதுக்கூடையை அன்றுதான் முதல்முறையாக வெர்னியர் வைத்து அளந்தேன். அவர்கள் ஸ்டாண்டர்டுபடி கம்பி 3.2 மி.மீ. 0.20-ஐ 3.4-ஆல் வகுத்தால் 5.9 சதவீதம். எங்களுக்கு நிமிடத்துக்கு 6,000 லிட்டர், அதாவது விநாடிக்கு 100 லிட்டர். கூடைப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். பழையதில் கூழ் ஸ்லாட்டைக் கடந்த வேகம் விநாடிக்கு 0.95 மீட்டர். புதியதில் 1.7. பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் தள்ளினால் நார் ஸ்லாட்டின் வாயில் குறுக்கே மடிந்து மாட்டிக்கொள்ளும். பசையோ சூடான கூழில் மெழுகு மாதிரி இளகியிருக்கிற பண்டம். அழுத்தித் தள்ளினால் நசுங்கி, நூலாக நீண்டு, இடுக்கு வழியே போயே விடும். ஓட்டையைச் சின்னதாக்கியும் பேப்பர் சுத்தமாகாததன் காரணம் இதுதான்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருந்தது. கம்பியின் முகம் தட்டையாக இருப்பதில்லை. கொஞ்சம் சாய்வாக, ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். அந்த உயரத்தை ப்ரொஃபைல் என்பார்கள். புதுக்கூடையில் விரல் நகத்தை ஓட்டினால் படிக்கட்டு மாதிரி தட்டும். அந்தப் படியில் மோதித்தான் கூழ் சுழன்று, நார்க் கொத்து கலைந்து ஸ்லாட்டுக்குள் நுழைகிறது. உயரம் கூடினால் ஸ்கிரீன் அதிகம் விழுங்கும், ஆனால் குப்பையும் கொஞ்சம் கூடுதலாகத் தப்பும். குறைந்தால் சுத்தம் கூடும், கொள்ளளவு குறையும். எனக்கு வந்ததில் 0.6 மி.மீ. எங்கள் கூழுக்கும் கெட்டிக்கும் அது போதவில்லை. கெட்டி என்றதும் நினைவு வருகிறது, கன்சிஸ்டன்சி (கூழில் தண்ணீர் போக மிஞ்சும் பண்டத்தின் அளவு) ஒன்றரை சதவீதம் என்று மீட்டர் காட்டியதை வேதவாக்காக நம்பிக்கொண்டிருந்தேன். லேபில் வடிகட்டிக் காயவைத்து எடை போட்டால் 2.3. மீட்டரை யாரும் கேலிபரேட் செய்து எத்தனை நாளாயிற்றோ. ஸ்கிரீன் வாங்குவதற்கு முன் ஒரு வாரம், ஷிப்டுக்கு ஒரு சாம்பிள் எடுத்து எடை போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை. நான் செய்யவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் இன்னொரு தலைவலி. ரிஜெக்டில் நாரை அள்ளிக் கொட்டியதில் மில்லுக்குள் திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுநீர் கலங்கிப்போய், மெஷினில் ஷவர் நாசில்கள் அடைக்க ஆரம்பித்தன. ஒரு ஃபில்டர் போடலாம் என்று நெய்த கம்பி வலை வாங்கினேன், '100 மெஷ்' என்று சொல்லி. பாடம் படித்த மறு வாரமே அதே தப்பு! மெஷ் என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்கிற கணக்கு மட்டுமே. 25.4 மி.மீ.-ஐ நூறால் வகுத்தால் ஒரு கண்ணுக்கும் கம்பிக்கும் சேர்த்து 0.254. கம்பி 0.10 என்றால் கண் 0.154. கம்பி 0.14 என்றால் கண் 0.114. இரண்டும் 100 மெஷ்தான். கேட்க வேண்டியது கண்ணின் அளவும் கம்பியின் தடிமனும். ஆனால் நான் எந்தக் கம்பி வாங்கியிருந்தாலும் உருப்பட்டிருக்காது, ஏனென்றால் நார் வருகிற தண்ணீருக்கு நெய்த வலையே ஒத்துவராது. ஒரு நார் ஒரு கண்ணில் தலையையும் பக்கத்துக் கண்ணில் வாலையும் விட்டு, கம்பியில் சவாரி செய்கிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அதன்மேல் இன்னொன்று. ஆறு மணி நேரத்தில் வலை கம்பளி ஆகிவிட்டது. பின்னாலிருந்து தண்ணீர் அடித்தாலும் வராது. விரலால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மணல், துகள் மாதிரி உருண்டையான பண்டம் உள்ள நீருக்கு நெய்த வலை அருமையாக வேலை செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன். நார் இருந்தால் வெட்ஜ் வயர் அல்லது துளைத் தகடு, அதோடு சுரண்டியோ, பின்னாலிருந்து தண்ணீர் அடிக்கும் வசதியோ இருக்கிற அமைப்பு. அதைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

துளைத் தகடு என்றதும் ஃபிட்டர் அண்ணன் காட்டிக்கொடுத்த ஒரு விஷயம். வலைக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒரு தகடு மாட்டினோம், அதுவும் அடைத்தது. அவர் தகட்டைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவினார். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. "திருப்பி மாட்டியிருக்கீங்க தம்பி" என்றார். பஞ்ச் அடித்த துளை, பஞ்ச் நுழைந்த பக்கம் கச்சிதமாகவும் வெளியேறிய பக்கம் கொஞ்சம் விரிந்தும் இருக்கும். கச்சிதமான பக்கம்தான் அழுக்கைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் வாயைத் தாண்டிய துணுக்கு, போகப்போக விரியும் வழியில் சிக்காமல் விழும். வெட்ஜ் வயருக்கும் இதே நியாயம்தான். திருப்பி மாட்டினால் நுழைந்ததெல்லாம் ஆப்பாக இறுகும். தகட்டைத் திருப்பி மாட்டினோம், ஓடியது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது.

அமிலக் கதையையும் சொல்ல வேண்டும். ஸ்லாட்டில் சுண்ணாம்புப் படிவு இருக்கலாம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் திறக்கும் என்று ஒருவர் சொன்னார். நல்லவேளையாக முழுக்கூடையை முக்கவில்லை; ஸ்டோரில் கிடந்த ஒரு உடைந்த கூடைத் துண்டில் சோதித்தேன். சுண்ணாம்பு பொங்கியது சரி, பொங்கி அடங்கிய பிறகும் குமிழ் நிற்கவில்லை. சிறிது நேரத்தில் வாளியில் நீர் பச்சையாக மாறியது. தேய்மானத்துக்காகப் பூசியிருந்த குரோம் கரைந்துகொண்டிருந்தது. கடினக் குரோம் பூச்சுக்கு அந்த அமிலம் எமன், அடியில் இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் அதிலுள்ள குளோரைடு ஆகாது. குரோம் பற்றி இன்னொன்று: 0.20 என்பது பூச்சுக்கு முன்பா பின்பா என்று எழுத்தில் கேளுங்கள். பூச்சு இரண்டு ஓரத்திலும் ஏறும், இந்த அளவில் நூறில் இரண்டு மி.மீ. கூடப் பத்து சதவீத வித்தியாசம். அதேபோல டாலரன்ஸ், அதாவது சொன்ன அளவிலிருந்து எவ்வளவு பிசகலாம் என்பது. 0.20-க்குக் கூட்டிக் குறைத்து 0.03 என்றால் ஒரு ஸ்லாட் 0.17, பக்கத்து ஸ்லாட் 0.23. குப்பை 0.23-ஐத் தேடிப் போகும்.

உலோகம் விஷயத்தில் நான் தப்பித்தது அதிர்ஷ்டம்தான். 'ஸ்டாண்டர்டுபடி' வந்தது 316 எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குளோரைடு நீரில் 304 என்ற சாதாரண ரகத்தைவிடத் தாக்குப்பிடிக்கும். சுற்றுநீரை வெளியே விடாமல் திரும்பத் திரும்ப ஓட்டுகிற மில்களில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அங்கே 304 மெல்லிய கம்பியில் ஊசிக்குழி விழ நாளாகாது. குளோரின் டை ஆக்சைடு வெளுப்புப் பிரிவு என்றால் 316 எல்லும் காணாது, டைட்டானியம் மாதிரி உயர்ரகத்துக்குப் போக வேண்டும்; குரோம் பூச்சைப் பற்றி அங்கே பேச்சே கூடாது.

பத்தொன்பதாவது நாள், ஃபிட்டர் அண்ணன் டீ நேரத்தில் மெதுவாகக் கேட்டார், "பழைய கூடைய மறுபடி மாட்டிப் பாக்கலாமா தம்பி?" அந்த யோசனை எனக்கு மூன்றாம் நாளே வந்தது. சொல்லவில்லை. பழையதை மாட்டினால் நான் வாங்கியது தப்பு என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்கிற கௌரவம். பதினாறு நாள் உற்பத்தியை என் கௌரவம் தின்றது என்பதுதான் நேர்மையான கணக்கு. அதைவிடக் கேவலம், பழைய கூடையை ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பச் சொன்னவனும் நானே. இருவரும் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். லாரி வர இரண்டு நாள் இருந்தது. துருப்பிடித்த பைப்புகளுக்கு அடியில், விளிம்பு கொஞ்சம் நசுங்கிக் கிடந்தது. இழுத்து வந்து, விளிம்பை நிமிர்த்தி, ஒரு விரிசலில் வெல்ட் போட்டு மாட்டினோம். கரும்புள்ளிகள் திரும்பி வந்தன, உற்பத்தியும் முழுசாகத் திரும்பி வந்தது.

இரண்டாவது ஆர்டர் போடும் முன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். கம்பி அகலம், ப்ரொஃபைல் உயரம், திறந்த பரப்பு, டாலரன்ஸ், பூச்சு, உலோகம், ரோட்டார் வகை, ஃபாயிலுக்கும் கூடைக்கும் இடைவெளி, ஃப்ளோ, நிஜமான கன்சிஸ்டன்சி, கூழின் சூடு, பி.ஹெச்., குளோரைடு அளவு எல்லாம் நான்கு பக்கத்தில். ஸ்லாட் வேகம் எவ்வளவு வரும் என்று அவர்களே கணக்குப் போட்டு எழுத்தில் தரவேண்டும் என்றும் சேர்த்தேன். பர்ச்சேஸ்காரர் "ஒரு சல்லடைக்கா இவ்வளவு?" என்றார். சப்ளையர் பக்கத்திலிருந்து போன் வந்தது, நான் விட்டுவிட்ட ஒன்றைக் கேட்டார்கள்: கூழில் மணல் எவ்வளவு? தெரியவில்லை. லேபில் சாம்பிளை எரித்துச் சாம்பலை அமிலத்தில் கரைத்து மிஞ்சியதை எடை போட மூன்று நாளாயிற்று. மணல் எதிர்பார்த்ததைவிட அதிகம், ஸ்கிரீனுக்கு முன்னால் மணலைப் பிரிக்கிற கிளீனரின் முனை தேய்ந்திருந்தது. அதை மாற்றாமல் கூடையை மாட்டியிருந்தால் ப்ரொஃபைல் சில மாதத்தில் வழுக்கையாகியிருக்கும். இப்படிக் கேள்வி கேட்கிற சப்ளையர் கிடைத்தால் இரண்டு வாரம் தாமதமானாலும் விடாதீர்கள்.

பதினோரு வாரம் கழித்துக் கூடை வந்தது. கம்பி 2.3, ஸ்லாட் 0.20, ப்ரொஃபைல் 0.9. இறக்கியதும் மாட்டவிடாமல் முப்பது இடத்தில் அளந்தேன். ஓட்டிய அன்று நாலு மணி நேரம் கேஜ் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். 0.2-ஐத் தாண்டவில்லை. ஃபிட்டர் அண்ணன் பழைய கூடையைத் துடைத்து, மேலே மஞ்சள் பெயின்டில் தேதி போட்டு ஸ்டோரில் நிறுத்தினார். போன வாரம் ஸ்டோரிலிருந்து, அந்த இரண்டு கூடையும் இடத்தை அடைக்கின்றன, ஸ்கிராப்புக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார்கள். தப்பாக வந்ததை வேண்டுமானால் அனுப்புங்கள், மஞ்சள் போட்டதைத் தொடாதீர்கள் என்றேன்.